மிரர்லெஸ் கேமராவுக்கான டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் தேர்வு

டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் என்பது தொலைவில் உள்ள பொருளைப் பெரிதாகப் படம்பிடிக்கவும், நின்ற இடத்திலிருந்தே காட்சியின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஒளிப்பட லென்ஸ் ஆகும். காட்டுயிர், பறவை, விளையாட்டு, தொடர்வண்டி ஆகியவற்றைப் படமெடுப்போர் இதை அதிகம் பயன்படுத்துகின்றனர். மிரர்லெஸ் கேமராக்களுக்கு இவ்வகை லென்ஸ்கள் பல குவியத் தொலைவுகளிலும், எடைகளிலும், விலைகளிலும் கிடைக்கின்றன. பெரும்பாலும் கேமரா உடலை விட இந்த லென்ஸுக்கே கூடுதல் பணம் செலவாகிறது. எனவே எதைப் படமெடுக்கப் போகிறோம், எவ்வளவு தொலைவிலிருந்து, எந்த வெளிச்சத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்பே தேர்வு செய்வது நல்லது.

இக்கட்டுரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேட்டுப்பாளையத்தைக் களமாகக் கொண்டு இத்தேர்வை விளக்குகிறது. நீலகிரி மலையின் அடிவாரத்தில் பவானி ஆற்றங்கரையில் அமைந்த இந்நகரைச் சுற்றி மலை ரயில், யானைகள், நீர்ப்பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள் என வெவ்வேறு தேவைகளைக் கொண்ட காட்சிகள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன.

அடிப்படைச் சொற்கள்

லென்ஸின் குவியத் தொலைவு மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. இந்த எண் கூடக்கூடப் பார்வைக் கோணம் குறுகும். பொருள் பெரிதாகத் தெரியும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் மூலைக்கு மூலை அளந்தால், 70 மி.மீ. லென்ஸ் சுமார் 34 பாகைக் கோணத்தையும், 200 மி.மீ. லென்ஸ் சுமார் 12 பாகையையும், 400 மி.மீ. லென்ஸ் சுமார் 6 பாகையையும், 600 மி.மீ. லென்ஸ் சுமார் 4 பாகையையும் காட்டும்.

குவியத் தொலைவு மாறாத லென்ஸ் பிரைம் எனப்படும். மாறக்கூடியது ஜூம் ஆகும். '100-400 மி.மீ. எஃப்/5.6-8' என்று ஒரு லென்ஸில் எழுதியிருந்தால், அதன் குவியத் தொலைவை 100 முதல் 400 வரை மாற்றலாம் என்றும், 100-இல் அதிகபட்சத் துளை எஃப்/5.6 ஆகவும் 400-இல் எஃப்/8 ஆகவும் இருக்கும் என்றும் பொருள். எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. உள்ளே வரும் ஒளி அதிகம்.

வரலாறு

லென்ஸின் உடல் நீளத்தை அதன் குவியத் தொலைவை விடக் குறைவாக வைத்திருக்கும் ஒளியியல் அமைப்பே டெலிபோட்டோ என்று பெயர் பெற்றது. இங்கிலாந்தின் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர் 1891-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிலைப்படக் கேமராக்களுக்கான ஜூம் லென்ஸ் 1959-இல் ஃபோக்ட்லாண்டர் நிறுவனத்தின் 36-82 மி.மீ. ஜூமார் வழியாகச் சந்தைக்கு வந்தது. லென்ஸ் மாற்றும் வசதி கொண்ட மிரர்லெஸ் கேமராக்களின் காலம் 2008-இல் வெளிவந்த பானாசோனிக் லூமிக்ஸ் ஜி1 உடன் தொடங்கியது.

தமிழகத்தில் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், முதுமலை உள்ளிட்ட காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவைப் பயன்படுத்தினார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்றைய ஆட்டோஃபோக்கஸோ அதிர்வுத் தடுப்போ இல்லாத காலத்தில் அவர் எடுத்த படங்கள், விலங்கின் நடத்தையை அறிந்து காத்திருப்பவருக்குக் கருவியின் குறை பெருந்தடையாக இருப்பதில்லை என்பதற்குச் சான்றாகும்.

களம்: மேட்டுப்பாளையத்தின் காட்சிகள்

மலை ரயில்: மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை சுமார் 46 கி.மீ. செல்லும் நீலகிரி மலை ரயில் பாதை 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்டது; பின்னர் உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் உள்ளது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே நீராவி இயந்திரம் இயங்குகிறது. மலையேறும்போது இயந்திரம் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிச் செல்லும். ஆகவே எதிரே நிற்பவருக்கு முதலில் தெரிவது பெட்டியே. இயந்திரமும் புகையும் கடைசியில்தான் தெரியும். வளைவில் முழு வண்டியையும் அடக்க 70-100 மி.மீ. போதும். வண்டி கடந்த பின் வால்பகுதியில் உள்ள இயந்திரத்தைப் பெரிதாகப் பிடிக்க 200-300 மி.மீ. தேவைப்படும். இரண்டுக்கும் இடையே லென்ஸ் மாற்ற நேரம் இருக்காது. ஜூம் லென்ஸின் பயன் இங்குத் தெளிவாகப் புரியும். வண்டி மலையேறும் வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. மட்டுமே என்பதால் மிகப் பெரிய துளையோ மிக வேகமான ஷட்டரோ கட்டாயமில்லை.

யானைகள்: மலையடிவாரக் காடுகள் யானைகளின் வலசைப் பாதைகளுள் அடங்கும். கல்லாறு வழித்தடத்தை உதகை சாலை குறுக்கே கடக்கிறது. யானை பெரிய விலங்கு. ஆனால் அதனிடமிருந்து விலகி நிற்பது உயிர் காக்கும் விதி. இங்கு நீண்ட லென்ஸ் ஒரு பாதுகாப்புக் கருவியாகவும் அமைகிறது.

பறவைகள்: பவானி ஆற்றங்கரையிலும், சிறுமுகை அருகே பவானிசாகர் அணையின் பின்நீர்ப் பகுதியிலும், கோயம்புத்தூரின் சிங்காநல்லூர், உக்கடம் போன்ற குளங்களிலும் நீர்ப்பறவைகளைக் காணலாம். பறவை சிறியது, தொலைவில் இருப்பது, விரைவில் பறந்துவிடுவது. லென்ஸிடம் மிகக் கடுமையான எதிர்பார்ப்பை வைப்பது இவ்வகைப் படமே.

வண்ணத்துப்பூச்சிகள்: கல்லாறு பகுதியின் ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும். இங்குத் தேவைப்படுவது அண்மையில் குவியும் திறன்.

குவியத் தொலைவு: எவ்வளவு தேவை

எவ்வளவு நீளமான லென்ஸ் வேண்டும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். பொருளின் உயரத்தைக் குவியத் தொலைவால் பெருக்கி, பொருள் இருக்கும் தொலைவால் வகுத்தால், சென்சாரில் விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 2.5 மீட்டர் உயரமுள்ள யானை 100 மீட்டர் தொலைவில் நிற்கிறது எனக் கொள்வோம். 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 10 மி.மீ. உயரம் இருக்கும் (2.5 × 400 ÷ 100). இதே முறையில் கணக்கிட்ட சில அளவுகள் வருமாறு:

| பொருள் | தொலைவு | 200 மி.மீ. | 400 மி.மீ. | 600 மி.மீ. |
|---|---|---|---|---|
| யானை (2.5 மீ. உயரம்) | 100 மீ. | 5 மி.மீ. | 10 மி.மீ. | 15 மி.மீ. |
| வெண்மார்பு மீன்கொத்தி (28 செ.மீ. நீளம்) | 20 மீ. | 2.8 மி.மீ. | 5.6 மி.மீ. | 8.4 மி.மீ. |
| ஊதாத் தேன்சிட்டு (10 செ.மீ. நீளம்) | 8 மீ. | 2.5 மி.மீ. | 5 மி.மீ. | 7.5 மி.மீ. |

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆகும். எனவே 100 மீட்டரில் உள்ள யானை 400 மி.மீ. லென்ஸில் படத்தின் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். சுற்றியுள்ள காடும் தெரியும் நல்ல படத்துக்கு இது போதுமானது. ஆனால் 20 மீட்டரில் உள்ள மீன்கொத்திக்கு 600 மி.மீ. இருந்தும் படத்தின் மூன்றில் ஒரு பங்கே நிரம்புகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, யானைக்கும் ரயிலுக்கும் 300 அல்லது 400 மி.மீ. போதும், பறவைக்கு அது தொடக்கம் மட்டுமே. இரண்டாவது, 400-க்கும் 600-க்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மடங்கு. அதே பயனை, பறவைக்கு இடையூறு இல்லாதவாறு மறைவில் அமர்ந்து 20 மீட்டரை 13 மீட்டராகக் குறைப்பதன் மூலமும் பெறலாம். யானையிடம் அந்த வழி கிடையாது.

சென்சார் அளவும் 'மடங்கு' கணக்கும்

ஏ.பி.எஸ்-சி சென்சார் கொண்ட கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் '600 மி.மீ. ஆகிவிடும்' என்று கூறப்படுவதுண்டு. உண்மையில் குவியத் தொலைவு மாறுவதில்லை. பிம்பத்தின் அளவும் மாறுவதில்லை. சிறிய சென்சார் அந்தப் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்வதால் பார்வைக் கோணம் குறுகுகிறது. இக்குறுக்கம் சோனி, நிக்கான், ஃபியூஜிஃபில்ம் ஏ.பி.எஸ்-சி கேமராக்களில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் 2 மடங்கு ஆகும்.

இருப்பினும் தொலைவில் உள்ள சிறு பொருளுக்கு இதனால் உண்மையான பயன் உண்டு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 36 மி.மீ. அகலத்துக்கு 6000 பிக்சல்கள் உள்ளன. 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி கேமராவில் அதே 6000 பிக்சல்கள் சுமார் 23.5 மி.மீ. அகலத்தில் அடங்கியுள்ளன. 4 மி.மீ. நீளமுள்ள பறவைப் பிம்பம் முதலாவதில் சுமார் 670 பிக்சல்களையும், இரண்டாவதில் சுமார் 1020 பிக்சல்களையும் பெறும். வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் இரண்டாவது படத்தில் இறகின் நுண்விவரம் கூடுதலாகத் தெரியும். வெளிச்சம் குறைந்தால், படம் முழுவதற்குமாக அதிக ஒளியைச் சேர்க்கும் பெரிய சென்சாரின் கை ஓங்கும்.

மாணவர்களுக்கு இக்கணக்கு பணத்தை மிச்சப்படுத்தக்கூடியது. நிக்கானின் ஏ.பி.எஸ்-சி மிரர்லெஸ் கேமராக்களுக்கான 50-250 மி.மீ. லென்ஸின் எடை சுமார் 400 கிராம்தான். 250 மி.மீ.-இல் அது தரும் பார்வைக் கோணம், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 375 மி.மீ. லென்ஸ் தருவதற்குச் சமம். 100 மீட்டரில் உள்ள யானை இங்கும் படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும்.

துளையும் வெளிச்சமும்

மேட்டுப்பாளையத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் மலை உயர்ந்து நிற்கிறது. காலைக் கதிர் மலைச்சரிவின் மீது நேராக விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே மறைவதால் அடிவாரம் சமவெளியை விட முன்னதாகவே நிழலில் மூழ்கும். விலங்குகள் நடமாடும் நேரமும் வெளிச்சம் குறையும் நேரமும் ஒன்றாக அமைவதால், துளையின் அளவு இங்கு முக்கியத்துவம் பெறுகிறது.

எஃப்/2.8-இலிருந்து எஃப்/5.6-க்குச் சென்றால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். எஃப்/8-இல் எட்டில் ஒரு பங்காகும். மரநிழலில் ஒரு காட்சிக்கு எஃப்/2.8 துளை, 1/500 நொடி ஷட்டர், ஐ.எஸ்.ஓ. 1600 போதும் என்று கொண்டால், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப்/5.6-இல் ஐ.எஸ்.ஓ. 6400-உம், எஃப்/8-இல் 12800-உம் தேவைப்படும். அண்மைக்காலக் கேமராக்களும் மணித்துகள் நீக்கும் மென்பொருள்களும் 6400 வரை நன்றாகக் கையாளுகின்றன. அதற்கு மேல் படத்தின் நுண்விவரம் குறையத் தொடங்கும்.

அப்படியானால் எல்லா லென்ஸையும் பெரிய துளையுடன் செய்யலாமே என்ற கேள்வி எழலாம். குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸுக்கு அது சுமார் 71 மி.மீ.; 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸுக்கும் அதே 71 மி.மீ. தான். ஆனால் 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸுக்கு 143 மி.மீ. ஆகிவிடும். முன் கண்ணாடி அதற்கும் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். எடையும் விலையும் பல மடங்கு உயர்வதன் காரணம் இதுவே. எனவே 70-200 எஃப்/2.8, 100-400 எஃப்/5.6 ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கண்ணாடியின் இருவேறு பயன்பாடுகள் எனலாம்: முதலாவது வெளிச்சத்துக்கு, இரண்டாவது தொலைவுக்கு. கோயில் திருவிழா, மேடை நிகழ்ச்சி, உள்ளரங்க விளையாட்டு ஆகியவற்றையே அதிகம் எடுப்பவருக்கு முதலாவதும், பகல் வெளிச்சத்தில் காட்டுயிரை எடுப்பவருக்கு இரண்டாவதும் ஏற்றது.

அதிர்வுத் தடுப்பு

கைநடுக்கத்தால் படம் கலங்காமல் இருக்க, ஷட்டர் வேகம் குவியத் தொலைவின் தலைகீழ் மதிப்பை விடக் குறையக்கூடாது என்பது பழைய விதி. ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ.க்கு 1/400 நொடி; ஏ.பி.எஸ்-சியில் 1/600 நொடி. அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதைவிட மெதுவான வேகத்திலும் எடுக்கலாம். இது சில லென்ஸ்களின் உள்ளேயும், சில கேமராக்களின் சென்சாரிலும், சில இணைகளில் இரண்டிலும் உள்ளது. குவியத் தொலைவு கூடும்போது லென்ஸில் உள்ள தடுப்பே அதிகம் கைகொடுக்கும்.

வாங்குவோர் தவறும் இடம் ஒன்று உண்டு. சோனி மவுண்டுக்கான டாம்ரான் 70-300 மி.மீ. லென்ஸ் எடை குறைந்தது, விலையும் குறைவு. ஆனால் அதில் அதிர்வுத் தடுப்பு இல்லை. சென்சாரில் தடுப்பு உள்ள கேமராவில் இது பெரிய குறையாகாது. சோனி ஏ6400 போன்ற தடுப்பு இல்லாத கேமராவில் பொருத்தினால் இரண்டிலும் தடுப்பு இல்லாமல் போகும். கேனான் ஆர்10, ஆர்50, நிக்கான் இசட்50 ஆகியவற்றின் சென்சாரிலும் தடுப்பு இல்லை. ஆனால் அவற்றுக்குப் பொருந்தும் கேனான் ஆர்.எஃப் 100-400, நிக்கான் 50-250 லென்ஸ்களில் தடுப்பு உள்ளது.

அதிர்வுத் தடுப்பு கையின் நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். பொருளின் அசைவை நிறுத்தாது. நிற்கும் யானைக்கு 1/125 நொடி போதலாம். நடக்கும் விலங்குக்கு 1/500 அளவிலும், பறக்கும் பறவைக்கு 1/2000 அளவிலும் தேவைப்படும்.

ஆட்டோஃபோக்கஸ்

கண்ணாடி கொண்ட எஸ்.எல்.ஆர். கேமராக்களில் குவியத்தைக் கணிக்கத் தனி உணரி இருந்தது. அது பெரும்பாலும் எஃப்/5.6 அல்லது எஃப்/8 வரையே இயங்கியது. மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே குவியத்தையும் கணிப்பதால் எஃப்/8, எஃப்/11 ஆகியவற்றிலும் ஆட்டோஃபோக்கஸ் இயங்குகிறது. எஃப்/8-இல் முடியும் எடை குறைந்த ஜூம் லென்ஸ்கள் சந்தையில் இடம்பெற இதுவே வழிவகுத்தது. விலங்கு, பறவை ஆகியவற்றின் கண்ணை அடையாளம் கண்டு பின்தொடரும் வசதியும் பல கேமராக்களில் உள்ளது. ஆயினும் லென்ஸில் உள்ள மோட்டார் வேகமாக இருந்தால்தான் அந்த வசதியின் முழுப் பயன் கிட்டும். நெருங்கிய தொலைவுகளைத் தேடாமல் தடுக்கும் குவிய வரம்பு சுவிட்ச் இருந்தால், புதரைத் தாண்டியுள்ள பறவையைப் பிடிப்பது எளிதாகும்.

ஒலியற்ற மின்னணு ஷட்டர் விலங்குகளைக் கலைக்காது. ஆனால் சென்சார் மெதுவாக வாசிக்கப்படும் கேமராக்களில் பறவையின் சிறகு வளைந்தது போலப் பதிவாகும். அவ்வாறான இடங்களில் இயந்திர ஷட்டரே பொருத்தமானது.

மவுண்ட், அடாப்டர், கன்வர்ட்டர்

லென்ஸும் கேமராவும் இணையும் வளையம் மவுண்ட் எனப்படும். சோனியின் இ, கேனானின் ஆர்.எஃப், நிக்கானின் இசட், ஃபியூஜிஃபில்மின் எக்ஸ், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. சோனி இ மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் போன்ற பிற நிறுவனங்களின் லென்ஸ்கள் அதிகம் கிடைக்கின்றன, கேனான் ஆர்.எஃப் மவுண்டுக்குக் குறைவு. கேமரா வாங்கும் முன்பே பின்னர் வாங்கப்போகும் லென்ஸ் எது என்று பார்த்துவைப்பது நல்லது.

குடும்பத்திலோ கல்லூரியிலோ பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ் இருந்தால், அதே நிறுவனத்தின் அடாப்டர் வழியாக அதைப் பயன்படுத்தலாம். கேனான் இ.எஃப் லென்ஸ்கள் ஆர்.எஃப் கேமராக்களில் ஆட்டோஃபோக்கஸுடன் நன்கு இயங்குகின்றன. நிக்கானில் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளவை மட்டும் எஃப்.டி.இசட் அடாப்டரில் தானாகக் குவியும். கேமராவின் திருகால் இயங்கிய பழைய லென்ஸ்களைக் கையால் குவிக்க வேண்டும்.

டெலிகன்வர்ட்டர் என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தும் சிறு லென்ஸ். 1.4 மடங்குக் கன்வர்ட்டர் ஒளியைப் பாதியாகவும், 2 மடங்குக் கன்வர்ட்டர் நான்கில் ஒரு பங்காகவும் குறைக்கும். எல்லா ஜூம்களிலும் இது பொருந்தாது. சோனி மவுண்டில் சிக்மா, டாம்ரான் ஜூம்களுக்கு இவ்வசதி இல்லை. கேனான் ஆர்.எஃப் 100-500 லென்ஸில் கன்வர்ட்டரைப் பொருத்தினால் 300 மி.மீ.க்குக் கீழே ஜூமைச் சுருக்க முடியாது.

எடையும் கட்டமைப்பும்

மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடித்துக் குன்னூரில் இறங்கி நாள் முழுவதும் நடப்பவருக்கு எடை ஒரு முதன்மைக் காரணி. பையில் கிடக்கும் இரண்டு கிலோ லென்ஸை விட, கையில் இருக்கும் அரைக் கிலோ லென்ஸே படம் எடுக்கும்.

சில ஜூம்கள் குவியத் தொலைவைக் கூட்டும்போது வெளியே நீளும். பையில் வைக்கும்போது சிறியதாக இருக்கும். சில உள்ளேயே ஜூம் ஆகும். எடைச் சமநிலை மாறாது, தூசியும் எளிதில் புகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் வழக்கமானவை என்பதால், இணைப்புகளில் ரப்பர் காப்பு உள்ள லென்ஸ் பயன்தரும். காப்பு இல்லாத லென்ஸுக்கு ஒரு மழையுறையும் துண்டும் பையில் இருக்க வேண்டும்.

அண்மைக் குவியம்

டெலிபோட்டோ ஜூம்கள் எல்லாம் அருகில் உள்ளதை ஒரே அளவில் பெரிதாக்குவதில்லை. லென்ஸின் விவரப் பட்டியலில் 'உச்ச உருப்பெருக்கம்' என்ற எண் இருக்கும். கேனான் ஆர்.எஃப் 100-400-க்கு அது 0.41, ஃபியூஜிஃபில்ம் 70-300-க்கு 0.33, சோனி 200-600-க்கு 0.2. அதாவது 6 செ.மீ. அகல வண்ணத்துப்பூச்சி முதலாவதில் சுமார் 25 மி.மீ. அளவிலும், கடைசியில் 12 மி.மீ. அளவிலும் பதியும். மிக நீளமான லென்ஸை விட விலை குறைந்த லென்ஸே வண்ணத்துப்பூச்சிக்குச் சிறந்ததாக அமைவதும் உண்டு.

சந்தையில் உள்ள வகைகள்

தொடக்க நிலை (210-250 மி.மீ.): கேனான் ஆர்.எஃப்-எஸ் 55-210 (270 கிராம்), நிக்கான் இசட் 50-250 (405 கிராம்). கேமராவுடன் இணைத்தே விற்கப்படுவதுண்டு. மலை ரயில், நிலக்காட்சி, விழா ஆகியவற்றுக்குப் போதுமானவை.

நடுத்தரம் (300-400 மி.மீ.): ஃபியூஜிஃபில்ம் 70-300 (580 கிராம்), சோனி இ 70-350 (625 கிராம்), கேனான் ஆர்.எஃப் 100-400 (635 கிராம்). எடை, விலை, எட்டும் தொலைவு மூன்றுக்கும் இடையே சமநிலை உள்ள வகை இது. ரயில், யானை, வண்ணத்துப்பூச்சி, பெரிய பறவைகள் என அனைத்தையும் ஓரளவு தொட விரும்பும் மாணவருக்கு ஏற்றது.

உயர்நிலை (400-500 மி.மீ.): சிக்மா 100-400 (சுமார் 1.1 கிலோ), நிக்கான் இசட் 100-400, கேனான் ஆர்.எஃப் 100-500 (இரண்டும் சுமார் 1.4 கிலோ), டாம்ரான் 150-500 (சுமார் 1.7 கிலோ).

பறவைக்கான நீள்வகை (600 மி.மீ.): சோனி 200-600, சிக்மா 150-600 (இரண்டும் சுமார் 2.1 கிலோ), நிக்கான் இசட் 180-600 (சுமார் 2 கிலோ). இவற்றுக்கு ஒற்றைக்கால் தாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன்

ஏற்கெனவே எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, அவை எந்தக் குவியத் தொலைவில் எடுக்கப்பட்டவை என்று பார்த்தால் தேவை விளங்கும். பெரும்பாலான படங்கள் லென்ஸின் கடைசி எல்லையிலேயே எடுக்கப்பட்டு, பின்னர் பெரிதும் வெட்டப்பட்டிருந்தால் நீளமான லென்ஸ் தேவை. படங்கள் மணித்துகளாலும் கலக்கத்தாலும் கெட்டிருந்தால் தேவை வெளிச்சமே, நீளம் அல்ல.

கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் லென்ஸ்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் லென்ஸை ஒரு வார இறுதியில் வாடகைக்கு எடுத்துச் சுமந்து பார்ப்பது, பல மாதச் சேமிப்பைத் தவறாகச் செலவிடாமல் காக்கும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- பின்புறமிருந்து கைவிளக்கு ஒளியைச் செலுத்தி, சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் உள்ளனவா என்று பார்த்தல். சில தூசித் துகள்கள் படத்தைப் பாதிக்காது, பூஞ்சை பரவும்.
- சுவரில் ஒட்டிய செய்தித்தாளை நேராக நின்று படமெடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு தெளிவாக உள்ளனவா என்று சோதித்தல்.
- ஜூமின் இரு எல்லைகளிலும் ஆட்டோஃபோக்கஸும் அதிர்வுத் தடுப்பும் இயங்குகின்றனவா என்று பார்த்தல்.
- இந்தியாவில் செல்லும் உத்தரவாதம், ரசீது, வரிசை எண் ஆகியவை ஒத்துள்ளனவா என்று சரிபார்த்தல்.

கானலும் ஈரமும்

நண்பகலில் நீர்ப்பரப்பு அல்லது தார்ச்சாலையின் மீது 100 மீட்டருக்கு அப்பால் எடுத்த படம் தெளிவின்றி இருந்தால், அது லென்ஸின் குறை என்று எண்ணுவோர் உண்டு. சூடான காற்று அலைவதால் ஒளி வளைந்து வருவதே காரணம். விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. காலையிலேயே எடுப்பதும் தொலைவைக் குறைப்பதுமே தீர்வு.

உதகையின் குளிரிலிருந்து மேட்டுப்பாளையத்தின் வெப்பத்துக்கு இறங்கியவுடன் பையைத் திறந்தால், குளிர்ந்த லென்ஸின் மீது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து, வெப்பநிலை சமமான பின் திறக்க வேண்டும். வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் லென்ஸை வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

தொலைவும் பொறுப்பும்

டெலிபோட்டோ லென்ஸின் முதல் பயன் அருகில் செல்லாமல் படமெடுக்க முடிவதே. இருந்தும் சாலையோரத்தில் யானையைக் கண்டு வண்டியை நிறுத்தி நெருங்குவோர் உள்ளனர். காதுகளை விரித்து நிற்றல், தும்பிக்கையைச் சுருட்டுதல், ஓரிரு அடி முன்வந்து நின்று பார்த்தல் ஆகியவை யானையின் எச்சரிக்கைகள். குட்டியுடன் இருக்கும் கூட்டம் இன்னும் விரைவில் சீறும். 250 மி.மீ. லென்ஸில் சிறிதாகத் தெரியும் யானையைப் பெரிதாக்கக் காலால் முன்னேறுவது உயிருக்கு ஆபத்து. கணினியில் வெட்டிப் பெரிதாக்குவதே போதும். யானை விலகிச் செல்லும் வழியை மறித்து நிற்பதால், அது ஊருக்குள் திரும்பும் நிலையும் ஏற்படலாம். அதன் விளைவை அனுபவிப்பவர் படமெடுத்தவராக இல்லாமல், தோட்டத்தில் வேலை செய்பவராக இருக்கக்கூடும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். மலை ரயிலைப் படமெடுக்கத் தண்டவாளத்தில் இறங்குவதும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். நிலைய நடைமேடை, பொதுச்சாலை போன்ற அனுமதியுள்ள இடங்களிலிருந்தே 70-300 மி.மீ. ஜூம் கொண்டு மலை ரயிலின் சிறந்த படங்களை எடுக்க முடியும். கூட்டில் குஞ்சுகளுடன் உள்ள பறவையை நெருங்குவதும், கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பதும் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக் காரணமாகலாம்.

எனவே ஒருவருக்குத் தேவையான குவியத் தொலைவைக் கணக்கிடும்போது, பொருளுக்கு எவ்வளவு அருகில் செல்ல முடியும் என்பதற்குப் பதிலாக, எவ்வளவு அருகில் செல்லலாம் என்பதையே தொலைவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொலைவை மேலே உள்ள கணக்கில் இட்டுப் பெறும் விடையே சரியான லென்ஸைக் காட்டும். அந்த லென்ஸ் கைக்கு எட்டாத விலையில் இருந்தால், அந்த உயிரினத்தை அதன் காட்டுடன் சேர்த்துச் சிறிதாகக் காட்டும் படமும் ஒரு முழுமையான படமே ஆகும்.